காலியாவுக்கு ஏன் ஒரு கதை இல்லை?

போன காலாண்டு விடுமுறையில், பொட்டிபுரம் பக்கம் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்துக்கு இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் புதிதாக வந்து சேர்ந்தான். பெரிய பிள்ளைகள் சுவரில் இருக்கும் அம்பேத்கர் படத்தைப் பார்த்து 'ஜெய் பீம்' சொல்லிவிட்டு உட்காருவதைக் கொஞ்ச நேரம் கவனித்தான். பிறகு பக்கத்தில் இருந்த அக்காவிடம் கேட்டான்: "சோட்டா பீமோட தாத்தாவாக்கா இவுக?"

சிரித்து முடிக்கவே எங்களுக்கு நேரமானது. ஆனால் அவன் கேட்டதில் தப்பு எதுவும் இல்லை. பீம் என்ற பெயரை அவன் முதலில் கேட்டது போனில்தான். அந்தப் பீம் லட்டு தின்பான், அடிப்பான், ஜெயிப்பான்.

படிப்பகத்து இடைவேளையில் பிள்ளைகள் விளையாடுவதும் அந்த விளையாட்டுத்தான். பீமாக யார் வருவது என்று தினமும் சண்டை நடக்கும். காலியாவாக யார் வருவது என்பதில் மட்டும் சண்டையே கிடையாது. நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான், எப்போதும் அவன்தான் காலியா. கூட்டத்தில் எல்லாருமே கறுப்புத்தான். அந்தக் கறுப்புக்குள்ளும் ஒரு பிடி கூடுதல் கறுப்பைத் தேடிக் கண்டுபிடிக்கிற கண் பிள்ளைகளுக்கு எங்கிருந்தோ வந்துவிட்டது. ஒருநாள் அவன் விளையாட்டிலிருந்து விலகி வந்து எங்களிடம் கேட்டான்: "ஏண்ணே, காலியா மட்டும் எப்பவுமே கெட்டவனாவே இருக்கான்? அவனுக்கு வேற வேலையே இல்லையா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நாங்கள் இரண்டு மாதம் கார்ட்டூன் பார்த்தோம். பஞ்சமி நில மனுக்கள், வன்கொடுமை வழக்குகள், பட்டா என்று தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது பொம்மைப் படத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறீர்களே என்று மூத்த தோழர்கள் சிலர் கடிந்துகொண்டார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

எங்கள் ஊர்களின் அன்றாடம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விடியும் முன்பே ஜீப் வந்துவிடும். போடி, தேவாரம், கம்பம் பக்கத்துச் சேரிகளிலும் காலனிகளிலும் இருந்து பெண்கள் ஜீப்பில் நெருக்கி ஏறி, மலை தாண்டி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போவார்கள். இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். அவர்கள் எடுக்கிற காய் போடியில் ஏலம் போகும்போது என்ன விலை என்பது பத்திரிகையில் வரும். எடுத்த கைக்கு என்ன கூலி என்பது வராது. பள்ளி விட்டு வந்ததிலிருந்து அம்மா வரும்வரை வீட்டில் பிள்ளையோடு இருப்பது பாட்டி, இல்லையென்றால் போன். யார் நல்லவன், யார் கெட்டவன், யாரை மன்னிக்கலாம், யாரை அடித்தால் சிரிக்கலாம் என்ற முதல் பாடத்தை எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் போன்தான் நடத்துகிறது.

'சோட்டா பீம்' 2008இல் போகோ தொலைக்காட்சியில் தொடங்கியது. ஹைதராபாத்தில் இருக்கும் கிரீன் கோல்ட் நிறுவனம் தயாரித்தது. தோலக்பூர் என்றொரு கற்பனை ராஜ்யம், அதற்கொரு ராஜா இந்திரவர்மா, அவர் மகள் இந்துமதி. ராஜாவுக்குச் சங்கடம் வரும்போதெல்லாம் ஓடிப்போய்க் காப்பாற்றும் பிள்ளை பீம். அவனுக்கு எதிராகக் காலியா. இந்தியில் அந்தப் பெயருக்குக் கறுப்பன் என்றுதான் பொருள். கெட்ட பையனுக்குப் பெயர் வைக்க உட்கார்ந்தவர்கள் முதலில் கைவைத்த இடம் நிறம். தமிழில் குரல் கொடுத்தபோதும் பெயர் அப்படியே வந்தது. பொருள் தெரியாமலேயே எங்கள் பிள்ளைகள் அதை நிறத்தோடு பொருத்திவிட்டார்கள் என்பதுதான் எங்களை உறைய வைத்தது.

காலியா ஏன் அப்படி இருக்கிறான்? நாங்கள் பார்த்த அத்தியாயங்களில் பொறாமை என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை. பீமுக்குக் கிடைக்கும் பாராட்டு தனக்கு இல்லை என்ற பொறாமை. அது ஏன் வந்தது, ஊரே ஒரு பையனைக் கொண்டாடும்போது இன்னொரு பையன் மனதில் என்ன நடக்கும், ராஜாவின் கண்ணுக்கு ஏன் ஒருவன் மட்டும் தெரிகிறான் என்றெல்லாம் கதை நின்று கேட்பதில்லை. இன்னொன்றையும் கவனித்தோம். வெளியிலிருந்து பெரிய ஆபத்து வரும்போது காலியாவும் பீமின் பக்கம் நிற்கிறான், அடி வாங்குகிறான், உதவுகிறான். அடுத்த அத்தியாயத்தில் அது யாருக்கும் நினைவில்லை. மறுபடி அதே பொறாமைக்காரன், மறுபடி மண்ணில் குப்புற விழுகிறான், மறுபடி எல்லாரும் சிரிக்கிறார்கள். அவன் திருந்தவில்லை என்று சொல்ல முடியாது. திருந்தியது கணக்கில் ஏறவில்லை. வேலை நேரத்தில் 'நம்ம பையன்', வேலை முடிந்ததும் வாசலுக்கு வெளியே. இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல.

கிர்மடா போன்ற அரக்கர்களுக்கு இந்தப் பொறாமை கூட இல்லை. அரக்கனாகப் பிறந்தான், அதனால் அழிப்பான், அதனால் அழிய வேண்டும். பிறப்பே காரணம், பிறப்பே தீர்ப்பு. மூலக் கதையான மகாபாரதத்திலும் பீமன் காட்டில் கிர்மீரனையும் இடும்பனையும் கொன்றவன்தான். இடும்பனின் தங்கையிடம் அவனுக்குப் பிறந்த கடோற்கசன் அப்பனுக்காகப் போருக்கு வந்தான், கர்ணனின் சக்தி ஆயுதத்தை மார்பில் வாங்கிச் செத்தான். பாண்டவர்கள் அழுதபோது கிருஷ்ணன் மகிழ்ந்தான். கர்ணன் கொல்லாவிட்டால் நானே கொல்ல வேண்டி வந்திருக்கும், இவன் வேள்விகளுக்குப் பகைவன் என்று அவன் சொல்வதாகத் துரோண பர்வத்தில் வருகிறது. உயிரைக் கொடுத்த பிறகும் அரக்கனின் பிள்ளை அரக்கன்தான்.

இதைப் படிப்பகத்துக்கு வரும் கல்லூரித் தம்பி தங்கைகளிடம் சொன்னபோது ஒரு தங்கை உடனே மறுத்தாள். "நீங்க இந்திக் கார்ட்டூனை மட்டும் பாத்துட்டுப் பேசாதீங்க. அவதார் பாருங்க. அதுல வில்லனே திருந்துவான். உலகத்துலயே நல்ல திருந்தல் அதுதான்னு சொல்றாங்க." அவள் சொன்னது 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்'. 2005 முதல் 2008 வரை நிக்கலோடியனில் வந்த தொடர். மூன்று பாகம், 61 அத்தியாயம். அத்தனையையும் பார்த்தோம்.

உண்மையிலேயே நல்ல தொடர். அதைத் தூக்கிப் போடச் சொல்ல இந்தக் கட்டுரையை எழுதவில்லை. ஒரு பேரரசு நூறு வருடமாக மற்ற நாடுகளைத் தின்று வளர்வதைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொன்ன தொடர்கள் அதிகம் கிடையாது. தீ தேசத்து இளவரசன் ஜூகோ அதில் முதல் வில்லன். போர் மந்திராலோசனையில் புதிதாகச் சேர்ந்த சிப்பாய்களைப் பலி கொடுக்கும் திட்டத்தை எதிர்த்துப் பேசினான் என்பதற்காக அப்பனே அவன் முகத்தைப் பொசுக்கி நாடு கடத்துகிறான். அப்போது அவனுக்கு வயது 13. ஆங் என்ற சிறுவனைப் பிடித்துக் கொண்டுவந்தால்தான் திரும்ப முடியும். அதற்காக ஊர் ஊராகத் துரத்துகிறான், கியோஷி தீவில் அவன் ஆட்கள் கிராமத்துக்கே தீ வைக்கிறார்கள். அப்புறம் தடுமாறுகிறான், மனம் மாறுகிறான், மறுபடி துரோகம் செய்கிறான், கடைசியில் அப்பனை எதிர்த்துக் குழந்தைகளோடு சேர்கிறான். முகத்தில் தழும்பு, காணாமல் போன அம்மா, பாசமான பெரியப்பா என்று மூன்று பாகமும் நம்மை அவனுக்குள் உட்கார வைத்துவிடுகிறது.

சரி, அதே தொடரில் வரும் ஜெட் யார்? எட்டு வயதில் தீ தேசத்துப் படையால் ஊரும் அப்பா அம்மாவும் எரிந்துபோன அநாதை. தன்னைப் போன்ற பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு காட்டில் மரத்தின் மேல் வாழ்கிறான். எதிரிப் படை தங்கிய ஊரை அணையை உடைத்து மூழ்கடிக்கப் பார்க்கிறான், அதில் சாதாரண ஜனமும் செத்திருக்கும். தப்புத்தான், நாம் அதை நியாயப்படுத்தவில்லை. பிறகு அவனும் திருந்த நினைத்துப் பா சிங் சே நகரத்துக்குப் போகிறான். அங்கே ஒரு டீக்கடை.

அந்த டீக்கடையில் இரண்டு அகதிகள் வேலை செய்கிறார்கள். வேறு யாருமில்லை, ஜூகோவும் அவன் பெரியப்பா ஐரோவும். ஐரோ தீ தேசத்தின் தளபதியாக இருந்தவர். இதே நகரத்தை 600 நாள் முற்றுகையிட்டு வெளி மதிலை உடைத்தவர். மகன் போரில் செத்ததும் மனம் உடைந்து திரும்பியவர். அவர் கையிலிருந்த டீ தானாகச் சூடானதை ஜெட் பார்த்துவிடுகிறான். இவர்கள் தீ தேசத்துக்காரர்கள் என்று கடைக்குள் புகுந்து கத்துகிறான். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் ஊரே அவனைப் பைத்தியம் என்று பார்க்கிறது. ரகசியக் காவலர்கள் வந்து அவனை இழுத்துப்போய் மூளையைக் கழுவுகிறார்கள். சில அத்தியாயம் கழித்து ஏரிக்கு அடியில் அடிபட்டுக் கிடக்கும் அவனை விட்டுவிட்டு மற்றவர்கள் கிளம்ப வேண்டியதாகிறது. ஐரோவுக்கோ நகரத்தின் மேல்வட்டத்தில் சொந்தமாகவே டீக்கடை கிடைக்கிறது.

டீக்கடை என்றால் நமக்கு என்ன நினைவுக்கு வரும் என்பதைத் தமிழ்நாட்டில் விளக்க வேண்டியதில்லை. டீக்கடையில் நின்று உள்ளதைச் சொன்னவன் மீதுதான் கலகக்காரன் என்று வழக்குப் பாயும்.

இன்னும் ஒருத்தி உண்டு, ஹாமா. நீர்க்குடியைச் சேர்ந்தவள். தீ தேசத்துப் படை அவள் இனத்து வித்தைக்காரர்களை ஒவ்வொருவராகப் பிடித்துப்போய், ஈரமே அண்டாத கூண்டில் அடைக்கிறது. குடிக்கத் தண்ணீர் கொடுக்கும்போதும் கைகால் கட்டப்பட்டிருக்கும். தன்னைச் சுற்றி இருந்த எலிகளின் உடம்பில் ஓடும் இரத்தமும் நீர்தான் என்று கண்டுபிடித்து, அதை ஆளப் பழகித் தப்பிக்கிறாள். வயதான பிறகு தீ தேசத்துக் கிராமத்தில் இருந்துகொண்டு பௌர்ணமிதோறும் ஊர்க்காரர்களைப் பிடித்து மலைக்குகையில் கட்டிப் போடுகிறாள். அவளுக்கு ஒரே ஒரு அத்தியாயம். முடிவில் விலங்கு பூட்டி மறுபடி சிறைக்கே அனுப்புகிறார்கள். தொடரில் அவளைவிட வலுவான காரணம் யாருக்கும் கிடையாது, ஆனால் அவளிடம் ஒருவர்கூட உட்கார்ந்து டீ குடிக்கவில்லை.

இப்படிச் சொன்னதும் அந்தத் தங்கை, "ஜூகோ கடைசில உழைச்சுத்தானே மன்னிப்பு வாங்குனான்?" என்று கேட்டாள். ஆமாம், உழைத்தான். அந்த இடத்தில் தொடர் நேர்மையாகவும் இருக்கிறது. எல்லாருக்கும் பிறகு கடைசிவரை அவனை நம்ப மறுப்பவள் கட்டாரா. தன் அம்மாவைக் கொன்றவனைத் தேடிப்போய், அவனைக் கொல்லாமல் விடுகிறாள். ஆனால் மன்னிக்கவில்லை, ஒருநாளும் மன்னிக்க மாட்டேன் என்று வாய்விட்டே சொல்கிறாள். ஜூகோவை மன்னிப்பது அவள் தானாக எடுக்கிற முடிவு. மன்னிக்காமல் இருப்பதும் பாதிக்கப்பட்டவரின் உரிமை என்று குழந்தைகள் தொடரில் பார்ப்பது அபூர்வம், இதற்காகவே அந்த அத்தியாயத்தைப் படிப்பகத்தில் போட்டுக் காட்டினோம்.

நாம் கேட்பது வேறு. திருந்துவதற்கு ஜூகோவுக்கு 61 அத்தியாயத்து நேரம் கிடைத்தது. அந்த நேரம் ஜெட்டுக்கும் ஹாமாவுக்கும் ஏன் கிடைக்கவில்லை? தொடரே ஓரிடத்தில் பதிலை உளறிவிடுகிறது. மூன்றாம் பாகத்தில் ஐரோ ஜூகோவிடம் ஒரு ரகசியம் சொல்கிறார்: உன் அம்மாவின் தாத்தா முந்தைய அவதார் ரோக்கு, அதனால்தான் உனக்குள் நல்லதும் கெட்டதும் மோதுகின்றன. மனச்சாட்சிக்கும் ஒரு வம்சாவளி தேவைப்பட்டிருக்கிறது.

இதைக் கேட்டதும் நமக்கு மதுரை வீரன் நினைவுக்கு வராமல் இருக்குமா? சக்கிலியர் குடியில் வளர்ந்தவன், மேல்குடிப் பெண்ணைக் காதலித்தவன், மதுரையில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். அவனைக் கொன்ற சமூகம் பிறகு அவனைக் கும்பிட்டது. கும்பிடுவதற்கு முன் கதைப்பாடலில் ஒரு வேலை செய்தது: அவன் உண்மையில் காசி ராஜாவின் பிள்ளை, காட்டில் போடப்பட்டவன், சக்கிலியர் எடுத்து வளர்த்தார்கள் என்று பிறப்பை மாற்றியது. 1956இல் எம்.ஜி.ஆர் நடித்து வந்த படமும் இந்த ராஜ பிறப்பை விடவில்லை. காத்தவராயனுக்கும் இதே மாதிரித் தெய்வப் பிறப்பு ஒட்டப்பட்டது. செத்தால்தான் நம்மவனுக்கு மீட்சி, அதுவும் நம்மவன் இல்லை என்று நிரூபித்த பிறகு. நம் ஊர்க் கதைப்பாடல்காரருக்கும் அமெரிக்கக் கார்ட்டூன்காரருக்கும் ஒரே புத்தி வேலை செய்திருப்பதை வியக்காமல் இருக்க முடியவில்லை.

கதைதானே என்பவர்களுக்கு: கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்ட வழக்கில், கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இவ்வளவு வசதியானவர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்துபோய் இதைச் செய்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் தீர்ப்பு பேசியது. நல்ல நிலையில் பிறந்தவனுக்குக் கெட்டது செய்யக் காரணமே இருக்காது என்று நம்புகிற மனம் கார்ட்டூன் பார்க்கும் பிள்ளையிடம் மட்டும் இல்லை.

மேலவளவு அதைவிட நேரடியானது. ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஆறு பேரும் 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் மூன்று பேர் 2008இல் விடுவிக்கப்பட்டார்கள். 2019 நவம்பரில் மேலும் 13 பேர் எம்.ஜி.ஆர் நூற்றாண்டை ஒட்டி, நன்னடத்தை என்ற பெயரில் வெளியே வந்தார்கள். அரசு அவர்கள் திருந்திவிட்டதாக முடிவெடுத்தது. கணவனைப் பறிகொடுத்தவர்களை யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. கட்டாராவிடம் கேட்காமலேயே மன்னித்துவிட்டார்கள்.

சினிமாவுக்கு வந்தால் 'மாமன்னன்' கதை உங்களுக்கே தெரியும். 2023 ஜூனில் படம் வந்தது. ரத்னவேல் என்ற சாதிவெறியன் ஜெயிக்காத நாயை அடித்தே கொல்கிறவன். அவனை இயக்குநர் மாரி செல்வராஜ் திருத்தவும் இல்லை, அவனுக்காக அழவும் இல்லை. பார்த்தவர்கள் சும்மா விடவில்லை. சில வாரத்தில் அவன் நடக்கும் காட்சிகளையும் முறைக்கும் காட்சிகளையும் மட்டும் வெட்டி, சாதிப் பெருமைப் பாட்டு போட்டு, ரீல்ஸாக ஓடவிட்டார்கள். இயக்குநர் கொடுக்காத மீட்சியை எடிட் செய்தவன் கொடுத்தான். நம் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பிள்ளைகளின் ஸ்டேட்டஸில் அதைப் பார்த்தோம்.

அதே பள்ளிக்கூட வயதுதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த சிறுவர்கள். அதையொட்டித்தான் நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைந்தது, கையில் கட்டும் சாதிக் கயிறு பற்றியெல்லாம் 2024இல் அறிக்கை வந்தது. அந்தச் சிறுவர்கள் திருந்த வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பிள்ளையைப் பிறவி அரக்கனாக்குவது நம் அரசியல் அல்ல, அது நம் எதிரியின் அரசியல். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் இரண்டு பையன்களுக்குள் சண்டை. சாதிப் பெயர் சொல்லி முதலில் அடித்தவனைப் பற்றிக் கூட்டத்தில் பேசியபோது வந்த சொற்கள்: "வயசுக் கோளாறு", "அவங்க அப்பா கண்டிப்பு அதிகம்", "எதிர்காலம் பாழாயிரும்". திருப்பி அடித்த நம் பையனைப் பற்றி வந்த சொல் ஒன்றே ஒன்று: "ரவுடி". முதல் பையனுக்கு முன்கதை, மனக்காயம், எதிர்காலம் என்று முழுத் தொடர். இரண்டாமவனுக்கு டி.சி. அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது எங்களுக்கு ஜூகோவும் ஜெட்டும்தான் கண்ணில் நின்றார்கள். இப்போது தெரிகிறதா, மூத்த தோழர்களே, நாங்கள் ஏன் கார்ட்டூன் பார்த்தோம் என்று?

எல்லாமே இருட்டு இல்லை. படிப்பகத்துப் பிள்ளைகளிடம் "திருந்தின வில்லன்ல யாரைப் பிடிக்கும்?" என்று கேட்டோம். பெரிய பிள்ளைகளில் பாதிப்பேர் சொன்னது தோரு. நமக்குச் சந்தோஷமாகிவிட்டது. 2007இல் சுட்டி டிவி வந்த காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் 'ஜாக்கி சான்' ஓடாத சாயங்காலம் உண்டா? யூடியூப்பில் இன்னும் துண்டு துண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் தோரு, வால்மாண்ட் என்ற பணக்காரத் திருடனிடம் கூலிக்கு அடியாள். வால்மாண்டுக்கு வேண்டியது பணம். ஷென்டு என்ற டிராகனுக்கு வேண்டியது ஜனங்கள் கலகம் செய்து பறித்த பழைய ஆட்சி. தோருவுக்கு வேண்டியது சம்பளம். அவனுக்கு ராஜ ரத்தம் கிடையாது, கண்ணீர் விட ஒரு தனி அத்தியாயமும் கிடையாது. தாங்கள் ஏமாற்றப்பட்டதைப் பார்த்து வேலையை விடுகிறான். எதிர்ப்பக்கம் வந்து சேர்கிறான்.

சேர்ந்த இடத்திலும் சும்மா கிடைக்கவில்லை. ஜாக்கியின் அங்கிள் அவனை வேலை வாங்குகிறார், தலையில் குட்டுகிறார், திட்டுகிறார். எங்கள் தோழர் ஒருவர், இது மறுபடி ஓர் ஆண்டை வீடு என்றே வாதாடினார். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கிழவர் ஒரு காரியம் செய்கிறார்: தன் மந்திர வித்தையை, ஏட்டை, முறையை, நேற்றுவரை எதிரியாக இருந்த, இனமும் ரத்தமும் வேறான இந்த அடியாளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். அவனைச் சீடனாக வைத்துக்கொள்கிறார். ஏகலைவனின் கட்டைவிரலை வெட்டி வாங்கிய நாட்டில் இது சின்ன விஷயமா? தோரு திருந்தினான் என்பதைவிட, திருந்தியவனுக்கு அறிவில் பங்கு கிடைத்தது என்பதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

பாபாசாகேப் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், வீழ்ந்தவர்களும் குற்றவாளிகளும் மனம் மாறுவதற்கென்றே தனிப்பகுதி வைத்திருக்கிறார். அங்குலிமாலன் கதை அங்கேதான் வருகிறது. கொலைகாரன் ஆயுதத்தை எறிகிறான், புத்தர் ஏற்றுக்கொள்கிறார். பாலி மூலமான மஜ்ஜிம நிகாயத்தில் அதற்குப் பிறகும் கதை நீள்கிறது: பிட்சைக்குப் போன அங்குலிமாலன் மீது கல் விழுகிறது, மண்டை உடைந்து இரத்தத்தோடு திரும்பி வருகிறான். புத்தர் கல் எறிந்தவர்களைக் கண்டிக்கவில்லை, அவனைத்தான் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார். உறவைப் பறிகொடுத்த ஊரை நோக்கி, அவன் திருந்திவிட்டான், இனிக் கோபப்படாதே என்று உபதேசம் செய்யவில்லை. சமாதானக் கூட்டம் போட்டு, சால்வை போர்த்தி, வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லும் நம் ஊர்ப் பெரியமனிதர்கள் இந்தக் கதையை ஒருமுறை படிக்கலாம்.

வில்லனைத் திருப்பிப் பார்ப்பது நமக்குக் கற்றுத்தர வேண்டிய வித்தையும் அல்ல. ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி'யில் பலிராஜாவை உழவர்களின் நல்ல அரசனாகத் திருப்பி எழுதினார். புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946இல் வந்து, 1948இல் தடை செய்யப்பட்டு, 1971இல்தான் தடை நீங்கியது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். எங்கள் ஊர் ஜீப் ஏறும் பெண்களுக்கு இது தெரியும். மலைக்கு இந்தப் பக்கம் தீபாவளிக்கு ஓர் அசுரன் செத்ததைக் கொண்டாடுகிறோம். அந்தப் பக்கம் ஓணத்துக்கு ஓர் அசுரன் வருகிறான் என்று வாசலில் பூக்கோலம் போடுகிறார்கள், தோட்டத்தில் லீவு விடுகிறார்கள். "அங்கிட்டு அசுரன் நல்லவுக, இங்கிட்டு கெட்டவுகளா?" என்று ஒரு அம்மா எங்களைக் கேட்டிருக்கிறார். போடிமெட்டைத் தாண்டினால் வில்லன் மாறிவிடுகிறான்.

அதனால் படிப்பகத்தில் ஒரு வேலை கொடுத்தோம். காலியாவுக்கு ஒரு கதை எழுதி வாருங்கள். எப்போதும் காலியாவாக வரும் அந்த நான்காம் வகுப்புப் பையன் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான், எழுத்துப் பிழைகளோடு. காலியாவின் அம்மா காய் எடுக்கப் போய்விட்டது, ராத்திரிதான் வரும், ஜீப் ஒருநாள் ரொம்ப நேரம் வரவில்லை, காலியா ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தான், அவனுக்குப் பசி, பீம் லட்டு தின்றுகொண்டு போனான், அவன் தட்டிவிட்டான். அவ்வளவுதான் கதை. ஜீப் வந்ததா என்று கேட்டோம். "வந்துருச்சுண்ணே, டயர் பஞ்சர்" என்றான்.

மற்ற பிள்ளைகள் அதைக் கேட்டபிறகு இடைவேளை விளையாட்டில் ஒரு சிக்கல் வந்துவிட்டது. இப்போது காலியாவாக வர மூன்று பேர் சண்டை போடுகிறார்கள், லட்டைத் தட்டிவிடும் காட்சி அவ்வளவு பிடித்துவிட்டது. இந்திரவர்மாவாக வரத்தான் ஆள் கிடைக்கவில்லை. இரண்டாம் வகுப்புப் பையன் கிர்மடாவுக்குக் கதை எழுதிக்கொண்டிருக்கிறான், அதில் அம்பேத்கர் வேறு வருகிறாராம். வரும் ஞாயிற்றுக்கிழமை படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். தேனி, போடி கல்லூரிகளில் இருக்கும் தம்பி தங்கைகள் வந்தால் கேட்கலாம். வரும்போது வண்ணப் பென்சிலும் வெள்ளைத் தாளும் கொண்டுவாருங்கள். கறுப்புப் பென்சில் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.